தீப்பெட்டிக்குள் ஒரு பட்டு நூல்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, இந்த வருஷம் நீதான் பேசணும். ஆனா மெஷினைப் பத்திப் பேசாதப்பா. வந்திருக்கிற வீட்டம்மாக்கள் எல்லாம் எந்திரிச்சுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போயிருவாங்க" என்றார். "அப்ப பட்டைப் பத்திப் பேசட்டுமாண்ணே?" என்றேன். "பட்டா? ரொம்ப நல்லது, ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க" என்றார். அண்ணன் நினைத்தது காஞ்சிபுரம் பட்டு. நான் பேசப் போவது கட்டுகிற பட்டு இல்லை, உடம்புக்குள்ளே போகிற பட்டு. இதை அவரிடம் அப்போது சொல்லவில்லை. மன்னிக்கணும்.

நான் 2010-இல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். இப்போது பெங்களூரு பக்கம், பட்டிலிருந்து மருத்துவப் பொருள் செய்யப் பார்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. மெக்கானிக்கல் படித்தவனுக்குப் பட்டுப்பூச்சியோடு என்ன உறவு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த உறவு எங்கள் வீட்டில்தான் தொடங்கியது.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. என் அய்யா கரிசல் காட்டுச் சம்சாரி. மானாவாரிப் பருத்தி, உளுந்து, கம்பு. மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் கடன். 2009-இல் நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது அவருக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது. நல்ல டாக்டர், நல்லபடியாகவே செய்தார். பத்தாம் நாள் மேல்தையல் பிரித்தாகிவிட்டது. ஒன்றரை மாதத்தில் அய்யா காட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்துத் தழும்புக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம். உடைந்து சலம் வந்தது. மருந்து போட்டால் ஆறும். பதினைந்து நாளில் மறுபடியும் பொசியும். இப்படியே ஒரு வருஷம். கடைசியில் ஒருநாள் அந்தப் புண் வாயில் கறுப்பாக ஒரு நுனி தெரிந்தது. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, லேசாகக் கீறி எடுத்தார். முடிச்சோடு ஒரு துண்டுக் கறுப்பு நூல். "ஒண்ணுமில்லய்யா, உள்தையல் போட்ட பட்டு நூல். சிலபேர் உடம்புக்குப் பட்டு ஒத்துக்காது, தள்ளிரும்" என்றார். அதற்குப் பிறகு பத்தே நாளில் புண் ஆறியது. அதோடு சரி.

அய்யா அந்த நூலை நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்கி, கழுவி, ஒரு காலித் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்துக்கொண்டார். நம்ம ஊரில் எதை வைக்கவும் தீப்பெட்டிதானே. ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்:

"யய்யா, நான் ஆயுசுல பட்டு கட்டினதில்ல. என் கல்யாணத்துக்கே காடா வேட்டிதான். உள்ள போன இத்துனூண்டு பட்டையும் இந்த உடம்பு வேண்டாமுன்னு தள்ளிருச்சு பாத்தியா?" சிரித்துவிட்டு, "நீ இஞ்சினியருக்குத்தான படிக்கே? ஏன்யா தள்ளுது?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது தெர்மோடைனமிக்ஸ் தெரியும், கியர் கணக்கு தெரியும். இதற்குப் பதில் தெரியவில்லை. "தெரியலய்யா" என்றேன். அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த பதிலைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்லப் போகிறேன்.

முதல் பாடத்துக்கு லேபாரட்டரி வேண்டாம். ஒரு கருவேல முள் போதும். இந்தக் கூட்டத்தில் காலில் முள் குத்தாமல் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் வெளியூர்க்காரர்கள். அந்தக் காலத்தில் பெரியவர்கள் அரைஞாண் கயிற்றிலேயே முள்வாங்கி கட்டியிருப்பார்கள். முள் ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். வீங்கும், தெறிக்கும், பழுக்கும். பழுத்து முள் வெளியே வந்துவிடும். சில சமயம் வராது. பல வருஷம் கழித்து அந்த இடத்தில் கல் மாதிரி ஒரு முடிச்சு இருக்கும், வலிக்காது.

இதையேதான் மருத்துவப் புத்தகத்தில் 'அந்நியப் பொருளுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை' என்று எழுதியிருக்கிறார்கள். படிப்படியாகச் சொல்கிறேன்.

எந்தப் பொருள் உள்ளே போனாலும் சில நொடிகளுக்குள் ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு வருகிற வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் தொட்டுப் பார்ப்பது இந்தப் பூச்சைத்தான், அடியில் இருக்கிற பொருளை இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வருகின்றன. அவை ஓடி வந்து சண்டை போட்டுச் சாகிற காலாட்படை. சலம் என்று நாம் பிதுக்கி எறிவதில் பெரும்பகுதி செத்துப்போன இந்த வீரர்கள்தான். ஒன்றிரண்டு நாளில் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கி அணுக்கள் வருகின்றன. கிருமி, செத்த அணு, தூசி எல்லாவற்றையும் விழுங்கிச் செரிக்கிற வேலை இவற்றுக்கு. அதோடு, அடுத்தவர்களைக் கூப்பிடுவதா, சண்டையை முடித்து ரிப்பேர் வேலையைத் தொடங்குவதா என்று சைகை கொடுப்பதிலும் பெரிய பங்கு இவற்றுக்குத்தான். பொருள் ரொம்பப் பெரிதாக இருந்து விழுங்க முடியாவிட்டால், பல விழுங்கி அணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ராட்சத அணுவாக மாறி அதைக் கவ்விக்கொள்ளும். அப்படியும் தீரவில்லை என்றால், சில வாரங்களில் அந்தப் பொருளைச் சுற்றி நார்த்திசுவால் ஒரு உறை உருவாகும். வலிக்காத அந்தக் கல் முடிச்சு இதுதான். நாம் முள்ளை வெட்டிக் காட்டுக்கு வேலி போடுகிறோம். உடம்பு அந்த முள்ளுக்கே வேலி போட்டுவிடுகிறது.

முள்ளுக்குச் சரி. டாக்டரே வைத்த பட்டு நூலுக்கு ஏன் இப்படி?

பட்டு நூல் அறுவைச் சிகிச்சைக்கு நேற்று வந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த ஹால்ஸ்டெட் மாதிரிப் பெரிய சர்ஜன்கள் மெல்லிய பட்டுத் தையலைத்தான் வற்புறுத்தினார்கள். கைக்கு மெத்தென்று இருக்கும், போட்ட முடிச்சு நழுவாது. இன்றைக்குப் பல இடங்களில் செயற்கை இழைகள் வந்துவிட்டாலும், கறுப்புப் பட்டு நூல் ஆபரேஷன் தியேட்டரை விட்டுப் போகவில்லை.

"பருத்தி விளைகிற ஊர்க்காரனுக்குப் பருத்தி ஞாபகம் வரலையா?" என்று கேட்பீர்கள். பருத்தி நூலிலும் தையல் போட்டிருக்கிறார்கள். ஆனால் பருத்தி செல்லுலோஸ். அதைச் சிதைக்கிற நொதி மனித உடம்பில் இல்லை. மாடு வைக்கோலைத் தின்று செரிக்கும், அதுவும் அதன் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களின் தயவில். நம்மால் முடியாது. பட்டு அப்படி இல்லை, அது புரதம். 'கரையாத தையல்' என்று அதன் பாக்கெட்டில் போட்டிருந்தாலும், உடம்புக்குள் ஒரு வருஷத்தில் அதன் வலு பெரும்பாலும் போய்விடும். இரண்டு வருஷ வாக்கில் பெரும்பகுதி கரைந்தும் போகலாம். பட்டை உடம்பு மெல்ல மெல்லச் செரிக்கிறது. செரிக்கத் தெரிந்த பொருளோடு ஏன் சண்டை போடணும்?

இங்கேதான் பட்டுப்புழுவைக் கவனிக்க வேண்டும். மல்பெரி பட்டுப்புழு கூடு கட்டும்போது இரண்டு மெல்லிய இழைகளைச் சேர்த்து விடுகிறது. அந்த இழை ஃபைப்ரோயின் என்ற புரதம். இரண்டையும் ஒட்டி, கூட்டையும் கெட்டிப்படுத்துகிற பசை செரிசின் என்ற இன்னொரு புரதம். கூட்டின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இழை, கால் பங்கு பசை. சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தால் பசை கரைந்து போகும், இழை மின்னும். நெசவுக்குப் பசை நீக்குவது பளபளப்புக்காக. எங்கள் தொழிலில் பசை நீக்குவது உயிருக்காக.

ஏனென்றால் பட்டு ஒவ்வாமை என்று பேசும்போதெல்லாம் முதலில் மாட்டிக்கொண்டது செரிசின்தான். பட்டு நூற்பு ஆலைகளில் வேலை செய்கிற சிலருக்கு ஆஸ்துமா வருவது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம். கண் ஆபரேஷனுக்கு, பசை நீக்காத இயற்கைப் பட்டை முறுக்கி மிக மெல்லிய நூலாகப் பயன்படுத்தினார்கள். அதில் சிலருக்கு ஒவ்வாமை வந்தது. இதையெல்லாம் வைத்து 'பட்டு என்றாலே உடம்புக்கு ஆகாது' என்று ஒரு பேர் நிலைத்துவிட்டது.

அந்தப் பேர் சரியா என்று பார்க்க, பட்டு ஆராய்ச்சிக்குப் பேர்போன அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் குழு 2003-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. பட்டு இழையையும், தனியாகப் பிரித்த செரிசினையும் விழுங்கி அணுக்களோடு வைத்துப் பார்த்தார்கள். முடிவு யாரும் எதிர்பார்த்த மாதிரி இல்லை. செரிசின் மட்டும் தனியாக இருந்தபோது அந்த அணுக்கள் சொல்லிக்கொள்ளும்படி கிளர்ச்சி அடையவில்லை. ஆனால் செரிசினோடு எண்டோடாக்சினும் சேர்ந்தபோது கிளர்ச்சி கூடியது. எண்டோடாக்சின் என்பது ஒருவகை பாக்டீரியாக்களின் மேல்தோலில் இருக்கும் ஒரு பொருள். அந்தக் கிருமி செத்த பிறகும் தோல் மிச்சம் இருக்கும். அதைக் கண்டாலே நம் நோய் எதிர்ப்பு மண்டலம் 'திருடன் திருடன்' என்று கத்த ஆரம்பித்துவிடும். நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், நாயனம் வாசித்தது எண்டோடாக்சின், ஒத்து ஊதியது செரிசின். பிடிபட்டவன் ஒத்து ஊதினவன்.

பசையும் அழுக்கும் நீக்கிய இழையை உடம்புக்குள் வைத்தால் என்ன ஆகும்? 2005-இல் எலிகளின் தசைக்குள் பட்டுத் தாள், கொலாஜன் தாள், பாலிலாக்டிக் அமிலம் என்ற செயற்கைப் பொருளின் தாள் மூன்றையும் வைத்து, ஆறு வாரம் கழித்துப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. மூன்றில் பட்டைச் சுற்றித்தான் அழற்சி குறைவு. நான் முன்னால் சொன்ன ராட்சத அணுக்கள் பட்டைச் சுற்றிக் காணப்படவில்லை. கொலாஜன் நம் உடம்பிலேயே இருக்கிற வகைப் புரதம். சொந்தக்காரனை விட வெளியூர்க்காரனோடு உடம்பு சமாதானமாக இருந்திருக்கிறது!

அப்படியானால் பட்டுத் தையலுக்கு ஏன் சலம் வைக்கிறது? இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். தையல் பட்டு ஒற்றை இழை இல்லை, பல இழைகளைப் பின்னிய நூல். பின்னலுக்கு நடுவே சந்து பொந்துகள் இருக்கும். ஒரு பாக்டீரியாவின் அளவு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைத் துரத்தி வரும் வெள்ளை அணு அதைவிடப் பத்து, இருபது மடங்கு பெரிது. கோடையில் நம்ம கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அந்த வெடிப்புக்குள் எலி புகுந்துவிட்டால் துரத்தின நாய் மேலே நின்று குரைக்க வேண்டியதுதான். அதே கதைதான் இங்கேயும். 1957-இல் எலெக், கோனன் என்ற இருவர் மனிதத் தோலிலேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள். சும்மா தோலுக்குள் சலம் வைக்கப் பத்து லட்சக்கணக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. அங்கே ஒரு பட்டுத் தையல் இருந்தால் சில நூறு கிருமிகளே போதும். இங்கே குற்றம் பட்டுப் புரதத்தின் மேல் இல்லை, பின்னல் கொடுத்த மறைவிடத்தின் மேல்.

இவ்வளவும் நான் படித்துத் தெரிந்துகொண்டது. இனிச் சொல்லப் போவது பட்டுத் தெரிந்துகொண்டது. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். மாணவர்கள் உட்கார்ந்திருப்பதால் சொல்கிறேன்.

எங்கள் நிறுவனத்தில் தீப்புண்ணுக்குப் போட ஒரு பட்டுத் தாள் செய்ய முயன்றோம். பட்டுக்கூட்டைக் கொதிக்கவைத்துப் பசை நீக்கி, இழையை லித்தியம் புரோமைடு என்ற உப்புக் கரைசலில் கரைத்து, அந்த உப்புப் போகும் வரை நாள் கணக்கில் சுத்தத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, மிஞ்சுகிற புரதக் கரைசலைத் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடி மாதிரித் தாள் வரும். பார்க்கவே அழகாக இருக்கும். மூன்று மாத உழைப்பில் முதல் தொகுதி தயார். கிருமி நீக்கமும் செய்தாகிவிட்டது. 'உயிருள்ள கிருமி எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. விலங்குச் சோதனைக்காக வெளி ஆய்வகத்துக்கு வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

லேபில் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பொண்ணு பயிற்சிக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நான் பேனாவைத் திறக்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "சார், கிருமி செத்துப்போச்சு, சரி. பொணம் எங்க போச்சு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. மறைக்கவில்லை. "ரிப்போர்ட்ல பாஸ்னு இருக்குல்ல?" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை, ஆனால் போகவும் இல்லை. எண்டோடாக்சினைப் பற்றி இரண்டு பக்கம் பேசத் தெரிந்த நான் அதைச் சோதிக்கச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எண்டோடாக்சினுக்கு ஒரு சோதனை உண்டு. குதிரைலாட நண்டின் நீலநிற ரத்தத்திலிருந்து எடுக்கும் பொருளோடு மாதிரியைக் கலந்தால், எண்டோடாக்சின் இருந்தால் அது தயிர் மாதிரி உறையும். இப்போது அந்த நண்டை நம்பாமல் செயற்கையாகத் தயாரித்ததும் வந்திருக்கிறது. சோதித்தோம். எங்கள் தாள் உறைந்தது. சோதனைக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தும் சொட்டு விழவில்லை.

எங்கிருந்து வந்தது என்று தேடினோம். கூடு சுத்தம், ரசாயனம் சுத்தம். தண்ணீர்தான். சுத்திகரித்த தண்ணீர் போகிற குழாயில் ஒரு கிளை மூடிக் கிடந்தது. தண்ணீர் ஓடாத முட்டுச்சந்து. அதற்குள் கிருமிகள் வழவழவென்று படலம் கட்டியிருந்தன. அந்தக் குழாய் வரைபடத்தைப் போட்டவன் வேறு யாருமில்லை, இந்த மெக்கானிக்கல் இன்ஜினியர்தான்.

'கொதிக்கவைத்துவிட்டால் போகாதா?' என்று கேட்கலாம். போகாது. ஆஸ்பத்திரி ஆட்டோகிளேவின் 121 டிகிரி நீராவியில் கிருமி சாகும், எண்டோடாக்சின் அசையாது. அதை அழிக்க 250 டிகிரி உலர்ந்த சூட்டில் அரைமணி நேரம் வைக்கணும். கண்ணாடிப் பாட்டில் தாங்கும், பட்டுத் தாளின் புரதம் தாங்காது. ஆக, பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. முதலிலேயே வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

முதலாளி நல்லவர். ஆனால் அவருக்கும் வங்கிக் கடன் இருக்கிறதே. "அவங்க எண்டோடாக்சின் ரிப்போர்ட் கேட்கவே இல்லையேப்பா?" என்றார். உண்மைதான், கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த எலிகளுக்கு அழற்சி வந்திருக்கும். ரிப்போர்ட்டில் யாரும் 'குழாய் வரைபடம் தப்பு' என்று எழுதமாட்டார்கள். 'பட்டு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்றுதான் எழுதுவார்கள். எங்கள் அய்யாவிடம் சொன்ன அதே வார்த்தை.

மறுநாள் மொத்தத்தையும் குப்பையில் போட்டோம். குழாயை அறுத்து, முட்டுச்சந்து இல்லாமல் தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடுகிற மாதிரி மறுபடி போட்டேன். ஆறு மாதம் தாமதம். அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு இல்லை, நான் கேட்கவும் இல்லை. அடுத்த தொகுதி அந்தச் சோதனையில் உறையவில்லை. சாத்தூர்ப் பொண்ணுதான் குழாயைக் கவிழ்த்துக் காட்டினாள். தண்ணீர் மாதிரி வழிந்தது.

இதைக் கேட்டுவிட்டு, உடம்பு எப்போதும் சரி, நாம்தான் தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். உடம்பும் தப்பு செய்யும். அதற்கு உதாரணம் நம்ம மண்ணிலேயே இருக்கிறது. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் ஒரு சம்சாரி வீட்டில் பிறந்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. டாக்டருக்குப் படித்து ராணுவத்தில் சேர்ந்த அவரை முடக்குவாதம் தாக்கியது. நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த மூட்டுகளையே அந்நியர் என்று நினைத்துத் தாக்குகிற நோய் அது. விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களைப் பழக்கியே கண் டாக்டராகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்தார். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-இல் மறைந்தார்.

இங்கே அவரைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸும் உடம்புக்கு அந்நியப் பொருள்தான். இரண்டாம் உலகப் போரில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயும் கண் அவ்வளவாகச் சீறவில்லை என்பதைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேய டாக்டர்தான், அதே வகைப் பிளாஸ்டிக்கில் 1949-இல் முதல் லென்ஸை வைத்தார். வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்குக் கட்டாது என்பதால் 1992-இல் அரவிந்தின் ஆரோலேப் தொடங்கி, மதுரையிலேயே லென்ஸ் செய்தார்கள். தையல் நூலும் செய்கிறார்கள். உடம்புக்குள் போகிற பொருளைச் சுத்தமாகவும் மலிவாகவும் செய்யச் சீமைக்குப் போக வேண்டியதில்லை என்று நமக்குக் காட்டியது, நம்ம கரிசலிலிருந்து போன ஒருவர் ஆரம்பித்த இடம்தான்.

பட்டிலும் நம் நாடு பின்தங்கி இல்லை. கரக்பூர் ஐ.ஐ.டி.யிலும் குவாஹாட்டி ஐ.ஐ.டி.யிலும் பல வருஷமாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நம் காட்டுப் பட்டான டசர் பட்டில், நம் அணுக்கள் பிடித்துக்கொள்ள வசதியான ஒரு புரதத் தொடர் இயற்கையாகவே இருக்கிறது, மல்பெரிப் பட்டில் அது இல்லை. ஒத்து ஊதியதாகச் சொன்னேனே, அந்தச் செரிசினையே தனியாகச் சுத்தப்படுத்திப் புண்ணுக்கு மருந்தாக்கவும் முயல்கிறார்கள். கெட்ட பேர் வாங்கியவனுக்கும் ஒரு வாய்ப்பு.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு இரண்டே வார்த்தை. நாளைக்கு நீங்கள் உடம்புக்குள் போகிற எதையாவது செய்யும் தொழிற்சாலையில் உட்காரலாம். அங்கே பாஸ் என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும், என்ன கேள்விக்கு இது பாஸ் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை உங்களைவிடச் சின்னவர்கள் கேட்டால், என்னை மாதிரிக் கோபப்படாதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபரேஷன் தழும்பில் ஆறி ஆறிப் பொசிந்தால் வீட்டு மருந்து போட்டு வருஷக் கணக்கில் ஓட்டாதீர்கள், நூல் நுனி தெரிந்தால் நீங்களே இழுக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அய்யாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதினைந்து வருஷம் கழித்துப் பதில். செரிசின், எண்டோடாக்சின், பின்னல், பொந்து எல்லாம் பொறுமையாகக் கேட்டார். உங்கள் நூலில் இதில் எது வேலை செய்தது என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பட்டு மட்டும்தான் காரணம் என்று சொன்னது சரியில்லை என்றேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டு இருந்தார். பிறகு சொன்னார்:

"அப்ப மாப்பிள்ள நல்லவந்தான், கூட வந்த ஆளுகதான் சரியில்லேங்கே."

நான் அரைமணி நேரம் பேசியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். உடம்பு பாக்கெட்டில் எழுதியிருக்கிற பேரைப் படிப்பதில்லை. கூட என்ன வந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறது. கூட எதுவும் வராமல் அனுப்பி வைப்பது எங்களைப் போன்றவர்களின் வேலை.

அந்த நூலை மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கொடுங்கள் என்று கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டார். "உனக்கு அது சாம்பிளு. எனக்கு இந்த உடம்பு கட்டின ஒரே பட்டு அதுதான்" என்றார். தீப்பெட்டி இன்னும் அவர் டிரங்குப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அடுத்த வருஷம் நம் சங்கத்தில் பேசக் கூப்பிட்டால், அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒரு பட்டு வேட்டி கட்டி.